அவ தண்ணி கேக்கல

இல்லம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. நெஞ்சு வலியும் இல்ல, மயக்கமும் இல்ல. கோவம் வந்தா என் மூஞ்சி இப்பிடித்தான் இருக்கும், பயந்துராதீங்க. அந்தப் பைய மட்டும் செத்த நகத்துங்க, கால நீட்டிக்கிடுதேன். தென்காசி வரைக்குமா போறீங்க? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். எறங்குததுக்குள்ள இத யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்குத் தல வெடிச்சிரும்.

நான் டீச்சர். பனையடிகுளம் பள்ளிக்கூடம், அஞ்சாப்பு வரைக்கும்தான், ரெண்டே ரெண்டு டீச்சர். பேரு சண்முகக்கனி. கனி டீச்சர்னா எங்க பக்கம் தெரியாத ஆளு கிடையாது. அது அப்ப. இப்ப எனக்கு என்ன பேரு தெரியுமா? கொலு டீச்சர். இந்த வட்டாரத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல வேணும்னாலும் போயிக் கேளுங்க. சத்துணவு ஆயா வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. இந்தப் பேர வச்சது ஒரு சின்னப் பொண்ணு, சுபாஷினின்னு பேரு, என் மக வயசு கூட இருக்காது. அவள நான் சும்மா விடுவனா? நீங்களே சொல்லுங்க.

மொதல்ல இருந்து சொல்லுதேன். எங்க பள்ளிக்கூடத்துல முப்புடாதின்னு ஒரு பிள்ள. பொறக்கும்போதே மூளையில கோளாறு. இடது கையும் காலும் வெறைச்சுப் போயிருக்கும். நடப்பா, ஆனா இழுத்து இழுத்துத்தான் நடப்பா. பேச்சு இருக்கே, அதுதான் பெரும்பாடு. ஒரு வார்த்த வெளிய வரதுக்குள்ள கேக்கவங்களுக்கு மூச்சு முட்டிரும். வந்தாலும் என்ன சொன்னான்னு புரியாது. வாயோரம் எச்சி வேற ஒழுகும். அப்பன் இல்ல. அம்மாக்காரி பீடி சுத்துதா. ஒண்ணாப்புல கொண்டாந்து விட்டா. நான் வேண்டாம்னு சொன்னனா? சொல்லல, மனசாரச் சேத்துக்கிட்டேன்.

எப்பிடி வச்சிருந்தேன் தெரியுமா அவள! என் மேசைக்குப் பக்கத்துல தனியா ஒரு சேரு. அதுல என் கையால தச்ச மெத்த. ஃபேனுக்கு நேர் கீழ. மத்த பிள்ளைகள் எல்லாம் தரையில. அவகிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல, ஒரு எழுத்து எழுதுன்னு சொன்னதில்ல, ஒரு அதட்டு அதட்டினதில்ல. முட்ட போட்டா மொத முட்ட அவளுக்கு. வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம், "இது தெய்வக் குழந்த"ன்னு காட்டுவேன். நாலாப்பு முடியுத வரைக்கும் அப்பிடித்தான் வச்சிருந்தேன். பெத்த தாயி செய்வாளா?

பொறவு எங்களுக்கு ஒரு பயிற்சி வச்சாவ. உள்ளடக்கிய கல்வியாம். இந்த மாதிரிப் பிள்ளைகளையும் மத்த பிள்ளைகளோட ஒண்ணாச் சேத்து வச்சுப் படிப்பிக்கணுமாம். ஒவ்வொருத்தரா எந்திச்சு, அதுன்னா என்னன்னு சொல்லணும்னாவ. ஒரு சாரு எந்திச்சு, "பஸ் பாசும் உதவித்தொகையும் வாங்கிக் குடுக்கது"ன்னாரு. ஒரு டீச்சர், "ஃபெயில் போடாம இருக்கது"ன்னா. இன்னொரு சாரு, "அதுக்குன்னு படிச்சவங்க தனியா இருக்காங்க, அவங்க வேலையில நாம தலையிடாம இருக்கதுதான் உள்ளடக்கிய கல்வி"ன்னாரு. நல்லாக் கை தட்டினாவ. நானும் தட்டினேன். பொறவு என் மொற வந்துது. சேரப் பத்திச் சொன்னேன், மெத்தயப் பத்திச் சொன்னேன், முட்டையப் பத்திச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

இந்தச் சுபாஷினி அதுக்குன்னே படிச்சவ, சிறப்புப் பயிற்றுநர். வாரத்துக்கு ஒரு நா ஸ்கூட்டில வருவா, பிள்ளைக்குக் கையக் கால நீட்டி மடக்கி விடுவா, செல்லுல ஒரு போட்டோ எடுப்பா, போயிருவா. அவதான் அன்னைக்கு மைக்கு பிடிச்சது. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, "டீச்சர், நீங்க அந்தப் பிள்ளைய வகுப்புல சேத்துக்கிடலயே. கொலு வச்சிருக்கீங்க!"

மண்டபமே சிரிச்சுதும்மா. எனக்குப் பக்கத்துல இருந்தவ, அவளுக்குப் பிரசவத்துக்கு நான் ரத்தம் குடுத்திருக்கேன், அவளும் சிரிக்கா. பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு எனக்கு. சாப்பாட்டு நேரத்துல ஒருத்தன் வந்து, "என்ன டீச்சர், சுண்டல் எப்ப?"ன்னு கேக்கான். நான் சாப்பிடாமயே வந்துட்டேன்.

வர வழியெல்லாம் ஒரே யோசன. சேத்துக்கிடலயா? சேத்துக்கிடணும், அவ்வளவுதான? இரு, நீ சொன்ன மாதிரியே அச்சுப் பெசகாமச் சேத்துக் காட்டுதேன். பிள்ள அழணும், அம்மாக்காரி சண்டைக்கு வரணும், "என்கிட்ட ஏன் கேக்க, அந்தச் சுபாஷினிகிட்டப் போயிக் கேளு"ன்னு நான் கைய விரிக்கணும். இதுதான் என் திட்டம்.

அஞ்சாப்பு தொடங்கின அன்னைக்கே சேரத் தூக்கி சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பிட்டேன். "முப்புடாதி, இனிமே நீயும் எல்லாரையும் போல தரையில உக்காரு"ன்னேன். அழுவான்னு பாத்தா, அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டே போயி ரெண்டு பிள்ளைகளுக்கு நடுவுல இடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. சரி, போகட்டும்னு வீட்டுப்பாடம் குடுத்தேன். எழுதிட்டு வரல. "வெளிய போயி நில்லு"ன்னேன். அதுக்கும் சிரிக்கா! வெளிய நின்னுக்கிட்டு, கூட நிக்குத பிள்ளைகளப் பாத்துப் பாத்துச் சிரிக்கா. இதுவரைக்கும் அவள யாரும் வெளிய நிக்க வச்சதில்லையாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பொறவுதான் லீடர் வேல குடுத்தேன். எங்க பள்ளிக்கூடத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. நான் இல்லாத நேரம் யாரு பேசினாலும் லீடர் போர்டுல பேரு எழுதி வைக்கணும், வந்ததும் நான் கவனிப்பேன். பேச வராத பிள்ள, கை ஓடாத பிள்ள, அது எப்பிடி லீடரா இருக்கும்? நாலு நாள்ல நாறிரும்னு நெனச்சேன். ஆனா அவ சாக்பீசப் பிடிச்சா பாருங்க, எமன் தோத்தான்! ஒரு எழுத்துக்கு ஒரு யுகம் ஆகும். ஆனா ஒருத்தன் பேர எழுத ஆரம்பிச்சா விட மாட்டா. அவன் கெஞ்சுவான், மிட்டாய் தாரேம்பான், அவ பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருப்பா. வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அவளச் சுத்தி நின்னு, அவ என்ன சொல்லுதான்னு வாயவே பாத்துக்கிட்டு கெடக்கும். அவ சொல்லுதபடி நடந்தாத்தான பேரு அழியும்? அப்பிடிப் பாத்துப் பாத்து, ஆவணி வரதுக்குள்ள அவ பேச்சு எல்லாத்துக்கும் அத்துபடி ஆயிட்டு. ஒரு நா நான் வாசல்ல நின்னு இன்னொரு டீச்சர்கிட்டப் பேசிட்டு வாரேன், போர்டுல 'டீச்சர்'னு எழுதி வச்சிருக்காம்மா! திமிரு. எவ்வளவு திமிரு பாருங்க!

விடுவனா? லீடர்னா பாடமும் சொல்லணும்னேன். கேள்வி கேட்டுக் கொடையுவேன். அவ பதில் சொல்லி முடிக்குத வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். நடுவுல எவனாவது எடுத்துக் குடுத்தான்னா அவன் மண்டையில ஒரு கொட்டு. "அவ சொல்லட்டும்ல, வாய மூடு!"ம்பேன். அவ மாட்டி முழிக்கணும்லா, அதுக்காகத்தான். ஆனா முழிக்கல. எங்களுக்கு எல்லா வகுப்பும் ஒரே ரூம்தான? நாலு வருசமா அந்தச் சேர்ல உக்காந்து அஞ்சாப்புப் பாடம் வரைக்கும் காதால கேட்டும் போர்டப் பாத்துமே முடிச்சிருக்கா கள்ளி. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல.

தை மாசம் பெரிய அதிகாரி ஒருத்தர் பார்வையிட வாரதா சொன்னாவ. கூட்டிக்கிட்டு வாரது யாரு? சுபாஷினி. பளிச்சுன்னு எனக்கு ஒரு யோசன. காலைல வணக்கக் கூட்டத்துல உறுதிமொழி சொல்ல முப்புடாதிய நிறுத்திட்டேன். ஒருத்தர் சொல்லச் சொல்ல மத்த பிள்ளைகள் திருப்பிச் சொல்லணும். அவ திக்கணும், எச்சி ஒழுகணும், பிள்ளைகள் சிரிக்கணும், அந்த அதிகாரி சுபாஷினியத் திரும்பிப் பாத்து, "என்னம்மா இது கூத்து?"ன்னு கேக்கணும். என் கண்ணால நான் அதப் பாக்கணும். சாமிக்குத் தேங்கா கூட நேந்துக்கிட்டேன்.

முப்புடாதி வந்து நின்னா. ஒரு வார்த்த சொன்னா. எங்க பிள்ளைகள் ஒண்ணு கூட அசையல, அவ முடிக்கட்டும்னு நின்னுச்சு, பொறவு திருப்பிச் சொல்லிச்சு. அடுத்த வார்த்த. மறுபடி நின்னுச்சு. ஒருத்தன் சிரிக்கலம்மா! எல்லாம் பழகித் தொலைச்சிருக்கு. கடைசி வரைக்கும் ஒரு பெசகு இல்லாமச் சொல்லிட்டா. அந்த அதிகாரி கண்ணாடியக் கழத்தித் தொடைக்காரு. சுபாஷினி கையப் பிடிச்சுக் குலுக்கி, "எல்லாம் உங்க உழைப்பும்மா"ன்னாரு. அவளுக்குப் பொன்னாட போத்தினாவ. பொன்னாட இருந்த தட்ட ஏந்திக்கிட்டு நின்னது யாருன்னு கேளுங்க. நான்!

அந்த எரிச்சலோட வகுப்புக்குள்ள போறேன், முப்புடாதி எனக்காவே நிக்கா. "என்னட்டி?"ன்னேன். மெதுவாச் சொல்லுதா: "டீச்சர், நான் தப்பாச் சொல்லுவேன்னுதான நிக்க வச்சீங்க? எனக்குத் தெரியும். அதான் வீட்டுல கோழிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். நீங்க தோக்கணும்னு." எதுக்குட்டி உனக்கு இவ்வளவு ஆங்காரம்னு கேட்டேன். "நாலு வருசமா என்னயச் சேர்லயே உக்கார வச்சீங்கள்லா"ங்கா. மெத்த தச்சுப் போட்டதுக்கு நன்றியப் பாத்தீங்களா! பத்து வயசுப் பிள்ள, என்னையவே பழி வாங்கிருக்காம்மா. எனக்கு மேல இருக்கா.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ரெண்டு பேத்தையும் ஒண்ணாக் கவுக்கணும்னு. நேரம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

வந்துது. ஆறாப்புக்கு இவ டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகணும். அந்த ஹெச்.எம்முக்கு இஷ்டம் இல்ல. அவரு எனக்கு ஃபோன் பண்ணி, "டீச்சர், உள்ளத உள்ளபடி சொல்லுங்க, அந்தப் பிள்ளை இங்க தாக்குப் பிடிக்குமா?"ன்னாரு. நான் விடல. "சார், அது சும்மா கிளிப்பிள்ள. மனப்பாடமா ஒப்பிக்கும், மத்தபடி ஒண்ணும் தெரியாது. அந்தச் சுபாஷினி பேரு வாங்குததுக்காகத் தூக்கி வச்சு ஆடுதா"ன்னுட்டேன். அவருக்கு அது போதும். இந்த மாதிரிப் பிள்ளைகள வச்சுப் பாக்குத மையத்துக்கு அனுப்புங்கன்னு சொல்லிட்டாரு. அம்மாக்காரி அழுதுக்கிட்டு வந்தா. "மையம் ரொம்பத் தூரம் டீச்சர், விட்டுட்டு வர எனக்கு ஆளு இல்ல. இவ படிப்பு இதோட முடிஞ்சுது, வீட்டுல கெடக்கட்டும்"ன்னா. பின்னால முப்புடாதி நின்னா. எனக்கு என்னம்மா வந்துது? நான் கதவச் சாத்திக்கிட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கலதான், அது வெயிலு.

சுபாஷினி சும்மா இருப்பாளா? மேல வரைக்கும் போயி நின்னா. அதுல இன்னைக்குக் காலைல எல்லாரையும் ஹெச்.எம். வரச் சொல்லிட்டாரு. அவரு ரூம்ல அவரு, சுபாஷினி, அம்மாக்காரி, முப்புடாதி, நான். இன்னைக்கோட ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுதுன்னு, நான் பட்டுச்சேல கட்டிக்கிட்டுப் போயிருந்தேம்மா. பாருங்க, இதுதான்.

ஹெச்.எம். சொன்னாரு, "சுபாஷினி மேடம், நீங்க வாரத்துக்கு ஒரு நாள் பாக்கறீங்க. டீச்சர் தினமும் பாக்கறாங்க. அவங்களே சொல்லிட்டாங்க, பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

சுபாஷினி மூஞ்சி செத்துப் போச்சு. அப்ப முப்புடாதி வாயத் தொறந்தா. என்னமோ சொல்ல ஆரம்பிச்சா. வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. ஹெச்.எம். பொறுமை இல்லாம, "சரிம்மா, சரிம்மா"ன்னு கைய ஆட்டுதாரு. எனக்கு எப்பிடி இருக்கும்? "சார், செத்தப் பொறுங்க, அவ சொல்லட்டும்!"ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டேன். பழக்க தோசம். அந்த மனுசன் வாய மூடிட்டாரு. அவ சொல்லி முடிச்சா.

"என்ன சொல்லுது?"ன்னாரு ஹெச்.எம். அம்மாக்காரி மெதுவா வாயெடுத்தா. "நீங்க சும்மா இருங்கம்மா, பெத்தவங்க நல்லதாத்தான் சொல்வீங்க"ன்னு அவள அடக்கிட்டாரு. சுபாஷினியப் பாத்தாரு. இவ குனிஞ்சு, "திரும்பச் சொல்லுடா தங்கம்"ங்கா. அவ திரும்பச் சொல்லுதா. இவ காதக் கிட்டக் கொண்டு போறா. முழிக்கா. ஒரு எழுத்துப் புரியலம்மா அவளுக்கு! பொன்னாட வாங்கினவளுக்கு ஒரு எழுத்துப் புரியல! கடைசில நிமுந்து சொல்லுதா, "சார், தண்ணி கேக்கா சார்."

தண்ணியா! எனக்கு உச்சந்தலைல ஏறிட்டு. என்னயக் கொலு டீச்சர்னு சொன்ன வாயி! எத்தன நாளு காத்துக் கெடந்தேன் இந்த ஒரு நிமிசத்துக்கு! எந்திச்சு நின்னுட்டேன். "சார், அவ தண்ணி கேக்கல. இந்த மேடத்துக்கு அவ பேச்சுப் புரியாது, எனக்குப் புரியும். அவ என்ன கேக்கான்னு நான் சொல்லுதேன் கேளுங்க. 'எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, அஞ்சு வருசமா டீச்சர் எனக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தாவ?' அதத்தான் சார் கேக்கா!"

கணீர்னு சொன்னேம்மா. சொல்லிட்டு சுபாஷினியத்தான் பாத்தேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பா, அந்த மூஞ்சியப் பாக்கணுமே! பொறவுதான் பாக்கேன், ரூம்ல எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டு இருக்காவ.

ஹெச்.எம். மெதுவாக் கேட்டாரு, "நியாயமான கேள்விதான் டீச்சர். என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

என்ன சொல்லுவீங்க நீங்க? ஒண்ணும் சொல்லிக் குடுக்கலன்னு சொல்லவா? முப்பது வருசமா சாக்பீசு பிடிச்ச கை இது! "என்னத்தச் சொல்லிக் குடுக்கல? பின்னம் தெரியும், பெருக்கல் தெரியும், தமிழ்ல எதக் குடுத்தாலும் வாசிப்பா. கேளுங்க சார், எதுல வேணும்னாலும் கேளுங்க!"ன்னு கத்திட்டேன். அவரு கேட்டாரு. அவ சொன்னா. நான் எடுத்துச் சொன்னேன். மறுபடி கேட்டாரு. சொன்னா. ஒரு எடத்துல கணக்குத் தப்பாச் சொன்னா, நான் அவளப் பாத்து மொறைச்சேன், திருத்திக்கிட்டா. எனக்கு வேர்த்து ஊத்துது, அவ சிரிக்கா. கடைசில ஹெச்.எம். சொன்னாரு, "நாளைக்கே வந்து சேத்துருங்க. ஆனா டீச்சர், ஃபோன்ல ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" சிக்னல் சரியில்ல சார்னுட்டு எந்திச்சு வந்துட்டேன்.

வெளிய அம்மாக்காரி கையெடுத்துக் கும்பிட்டா. நான் அவளப் பாக்கல. சுபாஷினி ஸ்கூட்டிய எடுத்தா, என் பக்கத்துல வந்து, "எனக்குப் புரியல டீச்சர், உங்களுக்குப் புரிஞ்சுது"ன்னு சொல்லிட்டுப் போனா. சாகட்டும். இதச் சொல்ல வச்சேன்லா? அது போதும் எனக்கு. நான் ஜெயிச்சுட்டேன்.

அப்பிடின்னுதாம்மா நெனச்சேன். பஸ் ஸ்டாப்புல நிக்கேன், முப்புடாதி கால இழுத்துக்கிட்டு வாரா. வந்து என் சேலையப் பிடிச்சுக்கிட்டா. பேச ஆரம்பிச்சா. நான் ஏற வேண்டிய பஸ்ஸு வந்து நிக்கி, கண்டக்டர் விசில் ஊதுதான், இவ பாதியில இருக்கா. பஸ்ஸு போயிட்டு. என்ன செய்ய, முடிக்கட்டும்னு நின்னேன். சொல்லி முடிச்சா. என்ன சொன்னான்னு நெனைக்கீங்க?

"டீச்சர், நீங்க மாத்திச் சொல்லிருக்கலாம்லா? அம்மாவத் தவிர வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காதுலா?"

சொல்லிட்டு என் மூஞ்சியவே பாக்கா. நான் "ஓடுட்டி, கழுத"ன்னு விரட்டிட்டேன். சிரிச்சுக்கிட்டே போனா.

ஆமாலாம்மா! தண்ணிதான் கேக்கான்னு நானும் ஒரு தலையாட்டு ஆட்டிருந்தா முடிஞ்சுது சோலி. சுபாஷினியும் தொலைஞ்சிருப்பா, முப்புடாதியும் தொலைஞ்சிருப்பா, நான் ஜம்முனு வீட்டுக்கு வந்திருப்பேன். அம்மாக்காரி சொன்னா அவரு நம்ப மாட்டாரு, வேற யாரு இருக்கா அங்க எனக்கு எதிராச் சொல்ல? ஒரு வருசமாப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தவளுக்கு, அந்த நேரத்துல அது தோணவே இல்லம்மா. அவ கேட்டா, நான் அப்பிடியே சொன்னேன், ஒரு சொல்லு மாறல. ஏறினதுல இருந்து அதத்தான் நெனச்சு வயிறு எரியுது எனக்கு.

நீங்க சிரிக்காதீங்க. எனக்கு ஸ்டாப்பு வந்துட்டு, எறங்கணும். எறங்குததுக்கு முன்னால சொல்லுங்க, அது ஏம்மா எனக்குத் தோணல?